பறவைப் புத்தக வேட்டை

பழைய பறவைப் புத்தகங்களைச் சேர்ப்பவர்களில் எத்தனை பேர் பறவை பார்க்கிறவர்கள் என்று கேட்டால், பதில் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாத ஒருவர், லண்டன் ஏலத்தில் கோடிகளைக் கொட்டி ஒரு நூலை வாங்கிவிட முடியும். அதிகாலையில் ஏரிக்கரையில் நிற்கிறவரோ பைனாகுலருக்கே காசு சேர்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கூட்டமும் எப்போதாவதுதான் ஒன்றையொன்று சந்திக்கும். சந்திக்கும்போது நல்ல புத்தகங்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

நான் இங்கே பேசுவது 1555இல் தொடங்கி ஏறத்தாழ 1930கள் வரை வந்த படப் புத்தகங்களைப் பற்றி. சந்தையில் இவற்றின் விலையை நிர்ணயிப்பது தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர். ஆடுபான் என்றால் ஒரு விலை, கூல்ட் என்றால் ஒரு விலை. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் பல நேரங்களில் படத்தை வரைந்திருக்க மாட்டார். அவரே வரைந்திருந்தாலும் செப்பில் செதுக்கியவர் வேறு, வண்ணம் தீட்டியவர்கள் வேறு. இந்தத் துறையின் வரலாற்றைப் பெயர்களின் வரலாறாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். அந்த மீதிப் பாதியை அறிந்து சேர்ப்பவரே நல்ல சேகரிப்பாளர் என்பது என் கட்சி.

1555 ஒரு விசேஷமான ஆண்டு. பிரான்சில் பியேர் பெலோனின் பறவை நூலும், சூரிச்சில் கான்ராட் கெஸ்னரின் விலங்கு வரலாற்றில் பறவைகளுக்கான தொகுதியும் அதே ஆண்டில் வெளியாயின. பெலோன் ஒரு மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் எதிரெதிரே நிறுத்தி, எந்த எலும்புக்கு எது இணை என்று காட்டினார். அந்த ஒரு படத்துக்காகவே நூல் தேடப்படுகிறது. இரண்டுமே மரச்செதுக்குப் படங்கள். மரக்கட்டையை எழுத்துகளோடு சேர்த்து ஒரே அச்சில் ஏற்றலாம், அதனால் படமும் உரையும் ஒரே பக்கத்தில் நிற்கும். பின்னர் செப்புத்தகடு வந்தபோது கோடு நுணுக்கமானது. ஆனால் படத்தைத் தனித்தாளில் அச்சிட வேண்டியதாயிற்று. தனித்தாள் ஆனதும் அதைத் தனியே உருவி எடுக்கவும் முடிந்தது. பிற்காலத்தில் இந்தப் புத்தகங்களுக்கு வந்த கேட்டின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டை வேகமாகக் கடக்கலாம், சில நிறுத்தங்களோடு. மார்க் கேட்ஸ்பி, அமெரிக்காவின் கரோலினா பகுதியின் இயற்கை வரலாற்றை 220 படங்களோடு வெளியிட்டார். செதுக்குக் கலைஞருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் தகட்டில் செதுக்கக் கற்றுக்கொண்டு பெரும்பாலான படங்களைத் தானே செதுக்கினார். இந்தத் துறையில் அபூர்வமாக, பெயரும் கையும் ஒருவருடையதாக இருந்த நூல் அது. இன்னொன்று, பிரான்சில் புஃபோன் என்ற இயற்கையாளரின் நூலுக்குத் துணையாக வந்த வண்ணப்படத் தொகுப்பு. மொத்தம் 1,008 படங்கள், அவற்றில் 973 பறவைகள். செதுக்கியவர் பிரான்சுவா நிக்கோலா மார்ட்டினே. எல்லாரும் அதைப் புஃபோன் படங்கள் என்றே சொல்கிறார்கள்.

அதே காலத்தில் புதுச்சேரியைச் சுற்றி அலைந்த பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரரின் பயணநூல் 1782இல் வந்தது. பறவைப் புத்தகம் என்று அதைச் சொல்ல முடியாது. தெய்வ உருவங்கள், தொழில் செய்வோர், செடிகள் என்று எல்லாம் கலந்த நூல். ஆனால் நம் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகமானது அதன் வழியாகத்தான். அதன் விலங்கியல் பெயரிலும் சொன்னரா இருக்கிறார். வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று அவர் கருதினார். பிறகு வந்தவர்கள் அதை மறுத்துச் செங்காட்டுக்கோழிக்குப் பட்டம் சூட்டினார்கள். 2008இல் மரபணு ஆய்வொன்று, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. சொன்னராவுக்குக் கால்பங்கு நியாயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு அச்சில் இரண்டு தொகுதிகளாகக் கிடைக்கும் இந்த நூலை, பறவைக்காரர்களைவிட இந்தியவியல்காரர்களே அதிகம் தேடுகிறார்கள்.

இனி ஆடுபான். இவரைச் சுருக்கமாகக் கடக்க வழியில்லை.

ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் 'அமெரிக்கப் பறவைகள்' 1827 முதல் 1838 வரை வெளியானது. பறவைகள் எல்லாம் அவற்றின் உண்மையான உருவ அளவில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். காட்டு வான்கோழிக்கு ஏற்ற தாள் வேண்டுமே! அன்று கிடைத்த பெரிய தாள், ஏறத்தாழ மூன்றேகால் அடி உயரமும் இரண்டே கால் அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் உள்ள 'டபிள் எலிஃபண்ட்'. அதிலும் பூநாரை நேராக நிற்க இடமில்லை, கழுத்தை வளைத்துக் குனிந்து நிற்கிறது. அந்த நெருக்கடியே அந்தப் படத்தின் அழகாகிவிட்டது. இன்று தனித்தாளாக அதிக விலைக்குப் போகும் ஆடுபான் படங்களில் பூநாரை ஒன்று, முதல் படமான வான்கோழி இன்னொன்று.

நூல் முழுதாக ஒரே நாளில் விற்பனைக்கு வரவில்லை. 87 பகுதிகள், பகுதிக்கு 5 படங்கள், ஆக 435. பகுதி ஒன்றுக்கு இரண்டு கினி. முழுவதற்கும் 182 பவுன் சொச்சம். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் சில ஆண்டுச் சம்பாத்தியம். சந்தாதாரர் படங்களைச் சேர்த்துவைத்துத் தன் விருப்பப்படி பைண்ட் செய்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் கல்கியின் தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்து வைத்தார்களே, ஏறத்தாழ அதே முறை. அதனால்தான் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இடையில் சந்தாவை நிறுத்தியவர்களின் பிரதி அரைகுறையாக நின்றது. முழுமையான பிரதிகள் இருநூறுக்கும் குறைவாகவே உருவாயின. இன்று இருப்பவை சுமார் 120.

முதல் பத்துத் தகடுகளை எடின்பரோவில் லிசார்ஸ் செதுக்கினார். 1827இல் அவருடைய வண்ணந்தீட்டிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் அந்தப் பெயரற்ற தொழிலாளிகள் தலைகாட்டுகிற அபூர்வமான இடம் இது. ஆடுபான் லண்டனுக்குப் போய் ராபர்ட் ஹேவெலைப் பிடித்தார். மிச்சமெல்லாம் ஹேவெல் கூடத்தின் வேலை. பல இடங்களில் பின்னணியை ஹேவெலே அமைத்தார். பூவும் கிளையும் வரைந்தவர்களில் ஜோசப் மேசன் என்ற பையன் ஒருவன். ஆடுபானோடு புறப்பட்டபோது அவனுக்கு வயது 13. மரியா மார்ட்டின் என்ற பெண்மணியும் உண்டு. அச்சாகி வந்த ஒவ்வொரு தாளிலும் வண்ணம் தீட்டியவர்கள் ஐம்பது பேர் வரை இருந்தார்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவர் கை கனமானது, இன்னொருவர் கை மெல்லியது என்பது தெரியும்.

படத் தொகுதியில் உரை கிடையாது. ஐந்து தொகுதிகளாக அது தனியே வந்தது. காரணம் கலையன்று, சிக்கனம். உரையோடு வெளியிட்டால் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி நூலகங்களுக்கு இலவசப் பிரதி கொடுத்தாக வேண்டும். வெறும் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உரையை எழுத உதவிய ஸ்காட்லாந்து இயற்கையாளர் வில்லியம் மக்கில்லிவ்ரேயின் பெயரும் தலைப்புப் பக்கத்தில் இல்லை.

ஆடுபானை இன்று விமர்சனமில்லாமல் பேச முடியாது. அவர் அடிமைகளை வாங்கி விற்றவர். ஒரு கழுகை 'வாஷிங்டன் பறவை' என்று புதிய இனமாக அறிவித்தார், அப்படி ஓர் இனமே இல்லை. சுட்டு வீழ்த்திய பறவைகளைக் கம்பியால் கட்டி நிறுத்தி வரைந்தார் என்பதையும் குறையாகச் சொல்வார்கள். பறவையைச் சுட்டு வரைவது மட்டும் அந்தக் காலத்து வழக்கம். முந்தைய இரண்டும் அவர் கணக்கில் நிற்கட்டும். ஏலச் சந்தை இவற்றையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2000இல் நியூயார்க்கில் ஒரு பிரதி 88 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2010 டிசம்பரில் லண்டனில் ஹெஸ்கெத் பிரபுவின் பிரதி 73 லட்சம் பவுனுக்கு, அதாவது சுமார் ஒரு கோடியே 15 லட்சம் டாலருக்கு விற்றது. அச்சிட்ட புத்தகம் ஒன்றுக்கு அதுவரை ஏலத்தில் யாரும் கொடுத்திராத தொகை அது.

மறுபக்கம் பாருங்கள். அதே புத்தகத்தின் செப்புத்தகடுகளுக்கு நேர்ந்தது வேறு. நியூயார்க்குக்குக் கொண்டுவந்த தகடுகளில் சில 1845இல் தீயில் சேதமாயின. ஆடுபான் இறந்தபின், வறுமையில் இருந்த மனைவி லூசி மிச்சத்தை விற்க நேர்ந்தது. கடைசியில் கனெக்டிகட் மாநிலத்தின் அன்சோனியா என்ற ஊரில் ஓர் உலோக ஆலையில், பழைய செம்பு என்ற கணக்கில் அவை உலைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஆலை மேலாளரின் 14 வயது மகன் சார்லஸ் கௌல்ஸ், ஒரு தகட்டில் பறவையின் கால் தெரிவதைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டுக் கொஞ்சம் மீட்டான். இன்று எஞ்சியிருப்பவை எண்பதை ஒட்டி.

திருடர்களும் இந்தப் புத்தகத்தை விடவில்லை. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டிரான்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தைக் கொள்ளையடிக்க நான்கு கல்லூரி மாணவர்கள் திட்டமிட்டு, நூலகரைக் கட்டிப்போட்டார்கள். ஆடுபான் தொகுதிகளின் எடை அவர்களைத் தோற்கடித்தது. படிக்கட்டில் போட்டுவிட்டு, டார்வினின் முதற்பதிப்பு முதலான சிறிய நூல்களோடு ஓடினார்கள். அவற்றுக்கு விலை கேட்டு ஏல நிறுவனத்துக்கே போனது அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஏழாண்டு சிறை. 2018இல் திரைப்படமாகவும் வந்தது. திருடக்கூட முடியாத அளவில் புத்தகம் போட்டதற்கு ஆடுபானைப் பாராட்ட வேண்டும்.

ஆடுபானின் பெருந்தாள் பதிப்பு கோடீஸ்வரர் விளையாட்டு. ஆனால் 1840 முதல் 1844 வரை ஃபிலடெல்ஃபியாவில் சிறிய அளவில், ஏழு தொகுதிகளாக, 500 கல்லச்சுப் படங்களோடு ஒரு பதிப்பு வந்தது. ஆடுபானுக்கு உண்மையில் காசு பார்த்துக்கொடுத்தது அதுதான். படமும் உரையும் சேர்ந்திருக்கும், கையில் எடுத்துப் படிக்கவும் முடியும். புத்தகமாக எது மேல் என்று என்னைக் கேட்டால் சிறியதைத்தான் சொல்வேன்.

கல்லச்சு வந்தது பறவைப் புத்தகங்களின் நடையையே மாற்றியது. செம்பில் செதுக்க ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். கல்லில் மெழுகுப் பென்சிலால் ஓவியரே நேராக வரையலாம். இறகின் மென்மை அப்படியே தாளில் இறங்கும். இதை முதலில் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் எட்வர்ட் லியர், 18 வயது இளைஞர். நகைச்சுவைப் பாட்டுகளுக்காகப் பின்னாளில் பெயர் வாங்கிய அதே லியர்தான். லண்டன் விலங்கியல் சங்கத்தின் கிளிக்கூண்டுகளுக்கு முன் உட்கார்ந்து உயிருள்ள பறவைகளைப் பார்த்து வரைந்தார். 1830 முதல் 1832 வரை 42 படங்கள் வந்தன, 175 பிரதிகள்தான். அச்சிட்டதும் கல்லில் இருந்த படத்தை அழித்துவிடுவார், அடுத்த படத்துக்குக் கல் வேண்டுமே. பணம் தீர்ந்தது, நூல் பாதியில் நின்றது.

அந்த 42இல் ஒரு நீலப் பஞ்சவர்ணக்கிளி உண்டு. லியர் அதை வேறோர் இனம் என்று நினைத்தே வரைந்தார். படம் அவ்வளவு துல்லியமாக இருந்ததால், அது தனி இனம் என்று பின்னால் புலப்பட்டது. 1856இல் போனபார்ட் என்ற பறவையியலாளர் லியரின் பெயரையே அதற்கு வைத்தார். கூண்டுப் பறவையாகத் தெரிந்த அந்த இனம் காட்டில் எங்கே வாழ்கிறது என்பது பிரேசிலில் 1978இல்தான் தெரிய வந்தது. எழுதப்பட்ட வருணனையை ஓவியம் திருத்துகிற இத்தகைய சம்பவங்களுக்காகத்தான் இந்தப் புத்தகங்களை அறிவியலாளர்களும் விடாமல் புரட்டுகிறார்கள்.

லியரை வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஜான் கூல்ட். பறவைத் தோலைப் பாடம்செய்யும் தொழிலாளியாக இருந்து பதிப்பாளராக உயர்ந்தவர், வியாபாரத்தில் கெட்டி. ஐரோப்பாவின் பறவைகள், ஏழு தொகுதிகளும் 600 படங்களுமாக ஆஸ்திரேலியாவின் பறவைகள், தேன்சிட்டைவிடச் சிறிய அமெரிக்க முரல்சிட்டுகள், ஆசியாவின் பறவைகள் என்று அவர் பெயரில் வந்த படங்கள் மூவாயிரத்தை நெருங்கும். முரல்சிட்டுகளின் கழுத்து மின்னுவதைக் காட்டத் தங்கத் தகடு ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பூசச் செய்தார். அந்த நூல் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, 1857இல் அமெரிக்கா போனபோதுதான் உயிருள்ள முரல்சிட்டை முதன்முதலாகக் கண்டார்.

கூல்டின் முதல் நூல் 1830 முதல் 1832 வரை வந்த இமயமலைப் பறவைகள் பற்றியது. நூறு பறவைகள், 80 படங்கள். கல்லில் வரைந்தவர் அவர் மனைவி எலிசபெத். படத்தின் அடியில் அவர் பெயர் இருக்கிறது. தலைப்புப் பக்கம் ஜானுக்குப் போய்விட்டது. பிற்பாடு படத்தடியிலும் இருவர் பெயரும் சேர்ந்தே வரத் தொடங்கின, கணவர் பெயர் முன்னால். சிறிய குழந்தைகளைத் தாயிடம் விட்டுவிட்டு 1838இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார் எலிசபெத். திரும்பி வந்த மறு ஆண்டில், 1841இல், எட்டாவது பிரசவத்தை அடுத்து இறந்தார். கூல்ட் ஒரு வண்ணக் குருவிக்கு அவர் நினைவாகப் பெயர் வைத்தார். அதன்பின் ரிக்டர், ஜோசப் வுல்ஃப், ஹார்ட் ஆகியோர் வரைந்தார்கள். சந்தை எல்லாவற்றையும் 'கூல்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. இமயமலை நூலில் சேகரிப்பாளர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. சில பிரதிகளில் பறவைக்கு மட்டும் வண்ணம், கிளையும் பாறையும் வெறும் கறுப்பு வெள்ளை. வேறு சிலவற்றில் பின்னணிக்கும் வண்ணம். இரண்டும் உண்மையான பிரதிகளே. பின்னணிக்குப் பிற்காலத்தில் எவரோ வண்ணம் பூசிவிட்டார்களா என்பதைப் பழகிய கண்தான் சொல்லும்.

இனி நம் பக்கம். ஐரோப்பியப் பெயர்களுக்கு அடியில் உள்ளூர்க் கைகள் மறைந்திருப்பதை இங்கே இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியன் லோட்டன், இலங்கையில் பிறந்த கலப்பினத்தவரான டி பெவெர என்பவரைக் கொண்டு பறவைகளை வரையச் செய்தார். அவ்வோவியங்கள் இங்கிலாந்து போய், பென்னன்டின் 'இந்திய விலங்கியல்' நூலுக்கும் 1776இல் வந்த பீட்டர் பிரவுனின் நூலுக்கும் மூலமாயின. லோட்டனின் பெயரில் இன்றும் ஒரு தேன்சிட்டு இருக்கிறது, நம் தோட்டங்களில் வளைந்த நீள அலகோடு வருகிறதே, அதுதான். டி பெவெரவின் பெயர் நிபுணர்களுக்கு மட்டுமே தெரியும்.

சென்னையில் 1801 முதல் 1807 வரை இருந்த எலிசபெத் குவில்லிம், அன்றைய மெட்ராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவி. பறவை பிடிப்போர் கொண்டுவந்த பறவைகளை உயிரோடு வைத்துப் பார்த்துப் பெரிய தாள்களில் வரைந்தார். ஆடுபானுக்கு இருபது ஆண்டு முந்திய வேலை. இங்கேயே இறந்தார், கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் அடக்கம். ஓவியங்கள் நூலாகவில்லை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒருவருக்கும் தெரியவுமில்லை. 1924இல் கேசி வுட் என்ற கண் மருத்துவர் லண்டனில் அவற்றைக் கண்டெடுத்தார். அவர் மாண்ட்ரியலின் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பறவை நூலகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். குவில்லிமின் 121 பறவை ஓவியங்கள் இன்று அங்கே இருக்கின்றன. பறவை தெரிந்த ஆளே புத்தகமும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு வுட் நல்ல உதாரணம். படத்தைப் பார்த்ததும், வரைந்தவர் பறவையை அறிந்தவர் என்பதை அவர் கண்டுகொண்டார். வெறும் ஓவிய வியாபாரி பிரித்து விற்றிருப்பார்.

சென்னையிலேயே அச்சான ஒரு பறவைப் படப் புத்தகம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாமஸ் ஜெர்டன் 1836இல் ராணுவ மருத்துவராக மெட்ராஸுக்கு வந்தவர். பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகளைக் கொண்ட அவருடைய நூல், ஐம்பது படங்களோடு, 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக வந்தது. படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். அச்சிட்டது அமெரிக்க மிஷன் அச்சகம், அச்சகப் பொறுப்பாளர் பி. ஆர். ஹண்ட். அதே ஹண்ட்தான் 1862இல் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியையும் அச்சிட்டார். தமிழ் அகராதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஹண்டைக் குறிப்பிடுவார்கள். பறவை நூலுக்காக அவரை நினைப்பார் யாருமில்லை. கூல்டின் பளபளப்பு இதில் கிடையாது. ஓவியர்களின் கோடு சில இடங்களில் விறைப்பானது. ஆனால் இந்த மண்ணின் பறவைகளை இந்த மண்ணிலேயே வைத்துப் பார்த்தவர்களின் கோடு. இந்திய சேகரிப்பாளர் ஒரே ஒரு பழைய பறவை நூலுக்குப் பணம் வைத்திருந்தால் இதைத்தான் தேட வேண்டும் என்பேன். முழுப்பிரதி கிடைப்பது அரிது.

ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமை காங்கிரஸ் கட்சியின் நிறுவனராகப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்கு முன் அவர் இந்தியாவின் மிகப் பெரிய பறவை சேகரிப்பாளர். மார்ஷல் என்பவரோடு சேர்ந்து வேட்டைப் பறவைகள் பற்றி மூன்று தொகுதிகளை 1879 முதல் 1881 வரை கல்கத்தாவில் வெளியிட்டார். வண்ணக் கல்லச்சுப் படங்கள். சில படங்கள் மோசம் என்று அவரே நூலுக்குள் புலம்பியிருக்கிறார். இவ்வளவு நேர்மையான பதிப்பாளரை நான் கண்டதில்லை. இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றி ஒரு பெருநூலுக்கு ஆண்டுக்கணக்கில் கையெழுத்துப்படி சேர்த்துவைத்திருந்தார். சிம்லாவில் அவர் வீட்டு வேலைக்காரர் அதையெல்லாம் கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டார். ஹ்யூம் மனம் உடைந்து, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தன் பறவை மாதிரிகளை 1885இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு அரசியலுக்குப் போனார். பொட்டலத் தாளாகப் போன அந்தப் புத்தகம் வந்திருந்தால் ஜெர்டனையும் மிஞ்சியிருக்கும்.

இலங்கைக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம். பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ட் லெக் எழுதிய இலங்கைப் பறவை வரலாறு 1878 முதல் 1880 வரை வந்தது. கையால் வண்ணம் தீட்டிய 34 படங்களும் கோய்லெமன்ஸ் என்ற டச்சு ஓவியர் வரைந்தவை. அடுத்த தலைமுறையில் ஜி. எம். ஹென்றி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய வண்ணப் படங்கள் 1927 முதல் 1935 வரை நான்கு பகுதிகளாக வந்தன. உரை எழுதியவர் வெய்ட். ஆனால் அந்த நூலை எல்லாரும் ஹென்றி என்றுதான் சொல்கிறார்கள். ஓவியரின் பெயர் எழுத்தாளரின் பெயரை முந்திய அந்த ஒரு இடத்துக்காகவே எனக்கு அந்த நூல் பிடிக்கும். அச்சு நவீனமானது, கைவண்ணம் இல்லை. அதனால் விலையும் சாதாரண வாசகர் யோசித்துப் பார்க்கக்கூடியது.

ஒரு பிரதியை எப்படிச் சோதிப்பது? முதல் வேலை படங்களை எண்ணுவது. அதிலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். விற்பவர் சொல்லும் எண்ணிக்கையை நம்பாமல், நூல்களின் படக்கணக்கைப் பதிவுசெய்த பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். சிம்மர் 1926இல் சிகாகோவிலிருந்தும், ஆங்கர் 1938இல் கோபன்ஹேகனிலிருந்தும், நிசன் 1953இல் ஜெர்மனியிலிருந்தும் வெளியிட்டவை இத்தொழிலின் வேதங்கள். அடுத்து தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்க்க வேண்டும். ஆடுபானின் தாளில் வாட்மன் ஆலையின் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாக இருக்கும். படம் வெளிவந்ததாகச் சொல்லும் ஆண்டுக்குப் பிந்திய ஆண்டு தாளில் இருந்தால் கேள்வி கேளுங்கள். மூன்றாவது வண்ணம். கைவண்ணத்தில் தூரிகை கோட்டை லேசாகத் தாண்டியிருக்கும், பிசினின் மினுக்கு தெரியும். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. மேற்கொண்டு பேச வேண்டாம். வெள்ளை இறகு சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் ஓவியர் செய்த பிழை என்று நினைக்காதீர்கள். அன்றைய வெள்ளை வண்ணத்தில் ஈயம் உண்டு, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும்.

நம் ஊருக்கென்று தனிப் பகைவர்கள் இருக்கிறார்கள். கடலோர ஈரத்தில் தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். ராமபாணம் பைண்டிங் பசையைத் தின்னும், தாளில் வழியும் போடும். இவற்றைவிடப் பெரிய பகை, அக்கறையோடு செய்யப்படும் பழுது. கிழிந்த ஓரத்தில் செல்லோடேப், நைந்த தாளுக்கு லேமினேஷன், பைண்ட் செய்யும்போது ஓரங்களை 'சுத்தமாக' வெட்டிவிடுதல். ஓரம் வெட்டினால் படத்தடியில் இருக்கும் ஓவியர் பெயரும் அச்சகத்தார் பெயரும் போகும். ஏற்கெனவே மறைந்திருந்தவர்களை இரண்டாம் முறை மறைப்பது அது.

எல்லாவற்றிலும் பெரிய கேடு புத்தகத்தை உடைத்து விற்பது. முழு நூலை வாங்க ஒருவர்தான் இருப்பார். வரவேற்பறைச் சுவருக்கு ஒரு கிளி வேண்டும் என்பவர்கள் நூறு பேர் உண்டு. வியாபாரி கணக்குப் போட்டுப் பார்க்கிறார். குறைபட்ட பிரதியைப் பிரிப்பது குற்றமில்லை என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. நடுத்தர வருமானக்காரர் ஓர் அசல் கைவண்ணப் படத்தைத் தொட்டுப் பார்க்க அதுதான் வழி. ஆனால் நல்ல பிரதிக்கும் 'குறைபட்டது' என்று முத்திரை குத்துவது மிகச் சுலபம். ஒரு படத்தைக் கிழித்தால் போதும்.

பழைய பிரதி வாங்க முடியாதவர்களுக்கு இன்று நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2006இல் தொடங்கிய பல்லுயிர் மரபு நூலகம் என்ற கூட்டமைப்பு, உலகின் பெரிய நூலகங்களில் உள்ள இயற்கை வரலாற்று நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. திரையில் எவ்வளவு பெரிதாக்கியும் பார்க்கலாம். இது வந்தபின் அசல் நூல்களுக்கு மதிப்புக் குறையும் என்று பயந்தார்கள். பெரும் பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சென்னையில் பழைய புத்தகம் தேடுவோர் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி இன்னும் பெருமூச்சு விடுவார்கள். அங்கே எதுவும் கிடைக்கும் என்பது பாதி உண்மை, பாதி ஏக்கம். இப்போது தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: பெரும் பெயர்களை விட்டுவிடுங்கள். ஹென்றியின் ஒரு பகுதி, ஹ்யூம்–மார்ஷலின் தனித் தொகுதி, ஆங்கிலேயச் செதுக்குக் கலைஞர் பியூயிக்கின் மரச்செதுக்குப் பறவை நூலின் பிந்தைய பதிப்பு ஒன்று, 1941இல் வந்த சாலிம் அலியின் இந்தியப் பறவை நூலின் முதற்பதிப்பு — இவற்றில் எதுவும் அவமானமில்லை. வாங்கிய நூலில் யார் வரைந்தார், யார் அச்சிட்டார் என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள், நூலின் மேல் எழுதாதீர்கள். சட்டம் போட்ட தனிப்படம் விற்பனைக்கு வந்தால், மிச்சப் புத்தகம் எங்கே என்று விற்பவரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜெர்டனின் நூலுக்குப் பதிப்புரிமைத் தடை ஏதும் இன்று இல்லை. படங்கள் ஐம்பதுதான். பறவைகள் பெரும்பாலும் நம் பக்கத்தவை, வரைந்தவர்கள் இந்தியர்கள், அச்சான ஊர் சென்னை. நல்ல தாளில், சரியான வண்ணத்தில், தமிழில் ஒரு முன்னுரையும் இன்றைய தமிழ்ப் பறவைப் பெயர்களும் சேர்த்து இதை ஒரு பதிப்பகமோ பல்கலைக்கழகமோ வெளியிட வேண்டும்.